விரதம் இருந்தா எனர்ஜி வருமா? 16:8 பத்தி நான் சரியா சொன்னதும் தப்பா சொன்னதும்

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னிக்கு எபிசோட் கொஞ்சம் வேற மாதிரி. புதுசா ஒண்ணு சொல்றதுக்கு முன்னாடி, பழசு ஒண்ணைத் திருத்தணும்.

போன வருஷம் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் பத்தி ஒரு எபிசோட் போட்டேன், ஞாபகம் இருக்கும். பதினாறு மணி நேரம் சாப்பிடாம இருந்து, எட்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டு முடிக்கிற 16:8 முறை. "டிபனை விட்டேன், 84 கிலோவுல இருந்து 78க்கு வந்தேன், மத்தியானத் தூக்கம் போச்சு, எனர்ஜி வந்துச்சு"ன்னு ரொம்ப உற்சாகமா பேசியிருந்தேன். நம்ம ஷோவுல அதிகமா ஷேர் ஆனது அதுதான். இன்னும் ஆபீஸ் லிஃப்ட்ல யாராவது பிடிச்சு, "ப்ரோ, உங்க எபிசோடைக் கேட்டுத்தான் டிபனை நிறுத்தினேன்"னு சொல்றாங்க.

அதைக் கேட்டு டிபனை நிறுத்தினவங்கள்ல ஒருத்தர் என் அப்பா. எனக்கு அது தெரியாது.

அப்பா, அம்மா ரெண்டு பேரும் திருச்சியில இருக்காங்க. அப்பாவுக்கு 61 வயசு, பதினோரு வருஷமா சுகர். காலையில எட்டு மணிக்கு மாத்திரை, எட்டே காலுக்கு இட்லி, இதுதான் வழக்கம். மூணு மாசத்துக்கு முன்னாடி என் எபிசோடை வாக்கிங்ல கேட்டிருக்கார். மறுநாளே ஆரம்பிச்சுட்டார். மாத்திரை வழக்கம்போல எட்டு மணிக்கு, சாப்பாடு மட்டும் பன்னெண்டு மணிக்கு. அம்மாகிட்ட, "வயிறு மந்தமா இருக்கு, டிபன் வேண்டாம்"னு சொல்லியிருக்கார். மூணு நாள் ஒண்ணும் ஆகல. நாலாவது நாள் பதினோரு மணி வாக்குல மார்க்கெட் போயிட்டு வந்தவருக்கு சட்டை முழுக்க வியர்வை, கை நடுக்கம். அம்மா ஏதோ கேட்டா சம்பந்தமே இல்லாம பதில் சொல்றார், எரிஞ்சு விழறார். எங்க அப்பா கோபப்படறதே அபூர்வம். அம்மா நெஞ்சு வலியோன்னு பயந்துட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா சுகர் மெஷினோட ஓடி வந்து விரல்ல குத்திப் பார்த்தா, 48. எழுபதுக்குக் கீழ போனாலே லோ சுகர்.

சர்க்கரைத் தண்ணி கொடுத்து, ஆட்டோல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், ஒரு ராத்திரி அங்கேயே வெச்சிருந்தாங்க. நான் சாயங்காலம் போய்ச் சேர்ந்தப்ப நல்லா உக்காந்து பேசிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீதானடா சொன்னே, யார் வேணாலும் பண்ணலாம்னு"ன்னார். கோபமா இல்ல, சும்மா ஒரு தகவல் மாதிரி. ஆனா நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். பழைய ரெக்கார்டிங்கைத் திரும்பக் கேட்டேன். முப்பத்தி ரெண்டாவது நிமிஷம். "டாக்டரைக் கேட்டுக்கங்க"ன்னு கடைசியில ஒரே மூச்சுல சொல்லிட்டு அவுட்ரோ மியூசிக்குக்குப் போயிருக்கேன்.

சரி. அதனால இன்னிக்கு மொதல்ல இருந்து வர்றேன். சாப்பிடாம இருந்தா உடம்புக்குள்ள என்ன நடக்குது, எனக்கு வந்த எனர்ஜி எங்கிருந்து வந்தது, அப்பாவுக்கு ஏன் அப்படி ஆச்சு.

பசிச்ச உடம்பு கரண்ட் எங்கிருந்து எடுக்குது?

நாம சாப்பிட்டதும் ரத்தத்துல குளுக்கோஸ் ஏறும். கணையம் இன்சுலினை விடும். அந்த இன்சுலின், குளுக்கோஸை செல்களுக்குள்ள அனுப்பும், மிச்சத்தைச் சேமிக்கச் சொல்லும். சாப்பிட்டு சில மணி நேரம் ஆனதும் இன்சுலின் இறங்கும், சேமிப்பிலிருந்து எடுக்கிற வேலை ஆரம்பிக்கும்.

வீட்டுல கரண்ட் போனா என்ன ஆகும்னு யோசிங்க. மொதல்ல இன்வெர்ட்டர் ஓடும். நம்ம கல்லீரல்ல இருக்கிற கிளைக்கோஜன் அந்த இன்வெர்ட்டர் பேட்டரி. சுமார் 100 கிராம்தான் கொள்ளளவு. மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் அளவு குளுக்கோஸ் கேட்கும். அதனால பேட்டரி குறையக் குறைய, அபார்ட்மென்ட் கீழே நிக்கிற ஜெனரேட்டர் மாதிரி கொழுப்பு எரியறது கூடும். கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைச் செய்ய ஆரம்பிக்கும். ஆனா ஸ்விட்ச் போட்ட மாதிரி பன்னெண்டாவது மணி நேரம் டப்புனு மாறாது. ரெண்டும் சேர்ந்தே ஓடிட்டு, மெதுவா ஒண்ணு குறைஞ்சு இன்னொண்ணு கூடும். முந்தின நாள் என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு நடந்தீங்கங்கிறதைப் பொறுத்து நேரம் ஆளுக்கு ஆள் மாறும். ஃபாஸ்டிங் ஆப்ல பதினாறாவது மணியில நெருப்பு ஐகான் வரும் பாருங்க, அது டிசைனர் வெச்ச ஐகான். உங்க கல்லீரலுக்கும் அதுக்கும் எந்த ஏபிஐயும் கிடையாது.

அதே மாதிரி ‘ஆட்டோஃபேஜி’. செல்கள் தனக்குள்ள பழுதான பாகங்களைத் தானே உடைச்சு மறுபடி பயன்படுத்திக்கிற வேலை. ஜப்பான் விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016ல மருத்துவத்துக்கான நோபல் பரிசு இதுக்குத்தான். அது உண்மை. ஆனா அவர் அந்த அடிப்படை வேலையைச் செஞ்சது ஈஸ்ட்ல. 16:8 இருந்தா நம்ம உடம்புல ஆட்டோஃபேஜி இத்தனாவது மணிக்கு ஆரம்பிக்கும்னு அவர் சொல்லல. ரத்தம் எடுத்து "ஆமா, உங்களுக்கு ஆரம்பிச்சாச்சு"ன்னு சொல்ற லேப் டெஸ்ட்டும் நம்ம ஊர்ல கிடையாது. பழைய எபிசோட்ல நோபல் பேரைச் சொல்லி நான் கைத்தட்டல் வாங்கினேன். வாபஸ் வாங்கிக்கிறேன்.

முதல் வாரம் வர்ற பசி பத்தி நான் சொன்னது மட்டும் சரிதான். கிரெலின்னு ஒரு ஹார்மோன், பசியைத் தூண்டுறது. நீங்க வழக்கமா சாப்பிடற நேரத்தை அது கத்து வெச்சுக்கும். தினமும் எட்டரைக்கு இட்லின்னா, எட்டரைக்கு ஏறும். சாப்பிடலன்னா ஏறிக்கிட்டே போகாது, அலை மாதிரி வந்து இறங்கிடும். சில நாள்ல அட்டவணையை மாத்திக்கும். தலைவலி வர்றதுக்குப் பெரும்பாலும் காபியை நிறுத்தினது காரணம், இல்ல தண்ணி குறைஞ்சது. இன்சுலின் குறையறப்ப சிறுநீரகம் உப்பையும் தண்ணியையும் கொஞ்சம் கூடுதலா வெளியேத்தும். அதனால தண்ணி நிறைய குடிக்கணும். பால், சர்க்கரை இல்லாத காபி, டீ ஓகே. ஃபில்டர் காபி? மன்னிக்கணும். பாலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஒரு டம்ளர் கிட்டத்தட்ட 100 கலோரி. அது சாப்பாடு.

எனக்கு வந்த எனர்ஜி யாரோட வேலை?

நான் டிபனை விட்டது வரைக்கும் எல்லாருக்கும் சொன்னேன். சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னாடி எங்க டீம் அமெரிக்கா கால் முடிஞ்சு, ராத்திரி பத்தரைக்கு மேல டெலிவரி ஆப்ல பரோட்டாவோ பிரியாணியோ ஆர்டர் போட்டு, பதினொண்ணே காலுக்குச் சாப்பிட்டு, பன்னெண்டரைக்குப் படுப்பேன். 16:8 ஆரம்பிச்சதும் ‘எட்டு மணிக்குள்ள முடிக்கணும்’னு ஒரு ரூல் வந்தது. அதனால காலுக்கு முன்னாடியே சாப்பிட்டேன். பதினொண்ணேகாலுக்குத் தூங்கினேன். நெஞ்செரிச்சல் நின்னுச்சு.

இன்ஜினியரா இருந்துட்டு நான் செஞ்ச தப்பைப் பாருங்க. ஒரே டெப்ளாய்மென்ட்ல மூணு மாற்றத்தைத் தள்ளிட்டு, சர்வர் வேகமா ஓடுதுன்னு ஒண்ணுக்கு மட்டும் கிரெடிட் கொடுத்தேன். டிபன் போச்சு, லேட் சாப்பாடு போச்சு, தூக்கம் ஒரு மணி நேரம் கூடுச்சு. நான் பாராட்டினது டிபன் போனதை மட்டும்.

இது எனக்கு எப்போ உறைச்சதுன்னா, தீபாவளிக்கு முன்னாடி ஒரு பெரிய ரிலீஸ் வந்தப்ப. ரெண்டரை மாசம் நாள் முழுக்கத் தலைகீழ். ஃபாஸ்டிங்கை மட்டும் விடக் கூடாதுன்னு பிடிவாதமா மத்தியானம் மூணு மணியில இருந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும்னு ஜன்னலை நகர்த்தினேன். கணக்குப்படி அதே பதினாறு மணி நேரம்தான். ஆப்ல ஸ்ட்ரீக் ஒரு நாள் கூட உடையல. ஆனா மத்தியானத் தூக்கம் திரும்ப வந்துச்சு, நெஞ்செரிச்சல் வந்துச்சு, ரெண்டு கிலோ ஏறுச்சு. பட்டினி நேரம் மாறல. நேரம் எங்க விழுதுங்கிறது மட்டும் மாறுச்சு. ஒரு ஆளோட கதை ஆராய்ச்சி ஆகாது, ஒத்துக்கறேன். அதனால ஆராய்ச்சியைப் போய்ப் படிச்சேன்.

16:8க்கு இவ்வளவு பேர் வந்ததுக்கு ஒரு முக்கியக் காரணம், 2012ல கலிஃபோர்னியா சால்க் இன்ஸ்டிட்யூட்ல சச்சின் பாண்டா குழு எலிகளை வெச்சு நடத்தின ஆய்வு. ஒரே கொழுப்பு உணவு. ஒரு கூட்டத்துக்கு நாள் முழுக்கக் கிடைக்கும், இன்னொரு கூட்டத்துக்கு எட்டு மணி நேரம் மட்டும். ரெண்டும் தின்ன கலோரி கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா எட்டு மணி நேர எலிகள் குண்டாகல, கல்லீரல்ல கொழுப்பு அந்த அளவுக்குப் படியல. பிரமாதம். ஆனா எல்லாரும் தாண்டிப் போற ஒரு விவரம்: அந்த எட்டு மணி நேரம் ராத்திரி. எலி ராத்திரி ஜீவன். அதாவது அது முழிச்சு ஓடியாடற நேரத்துல சாப்பாடு, ஓய்வெடுக்கிற நேரத்துல பட்டினி. நமக்கு அதை மொழிபெயர்த்தா பகல்ல சாப்பாடுன்னு வரும். நாம மொழிபெயர்த்தது, டிபனைத் தூக்கிட்டு ராத்திரி பிரியாணியை வெச்சுக்கிட்டோம். இன்னொண்ணு, எலியோட சின்ன உடம்புக்குப் பதினாறு மணி நேரப் பட்டினி நமக்கு இருக்கிறதை விட ரொம்பப் பெரிய விஷயம்.

மனுஷங்களுக்கு வருவோம். 2018ல அமெரிக்காவுல வெளியான ஒரு சின்ன ஆய்வு. சுகர் எல்லைக்கோட்டுல இருந்த எட்டு ஆண்கள், எட்டே எட்டு பேர்தான். அஞ்சு வாரம், எல்லா சாப்பாட்டையும் ஆறு மணி நேரத்துக்குள்ள, மத்தியானம் மூணு மணிக்கு முன்னாடி முடிச்சுடணும். எடை குறையாத மாதிரி அளந்து சாப்பாடு கொடுத்தாங்க. எடை குறையல. ஆனாலும் இன்சுலின் வேலை செய்யற விதம் மேம்பட்டது, ரத்த அழுத்தம் இறங்குச்சு. நேரத்துக்கே தனியா ஒரு பங்கு இருக்குன்னு காட்டின ஆய்வு. மூணு மணிக்கு டின்னரை முடிக்கிற ஐடி ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லைங்கிறது வேற விஷயம்.

இப்போ நம்மாளுங்க பண்ற மத்தியானம் பன்னெண்டு டு ராத்திரி எட்டு. அதையே அப்படியே சோதிச்ச ஆய்வு 2020ல வந்தது, சான் ஃபிரான்சிஸ்கோ குழு. 116 பேர், பன்னெண்டு வாரம். பாதிப் பேர் 16:8, பாதிப் பேர் வழக்கமான மூணு வேளை. 16:8 ஆளுங்க குறைச்சது சராசரியா 0.94 கிலோ, மூணு வேளை ஆளுங்க 0.68 கிலோ. புள்ளிவிவரக் கணக்குல அது வித்தியாசமே இல்ல. அதை விடக் கவலையானது, ஃபாஸ்டிங் கூட்டத்துல குறைஞ்ச எடையில கணிசமான பங்கு கொழுப்பு இல்ல, தசை சேர்ந்த எடை. நாம சாப்பிடறதே சோறும் சாம்பாரும். அதுல ஒரு வேளையை வெட்டினா மொதல்ல அடிபடறது புரோட்டீன்.

2022ல சீனாவோட குவாங்சோவுல 139 பேரை வெச்சு ஒரு வருஷம் பார்த்தாங்க. எல்லாருக்கும் கலோரியைக் குறைச்சாங்க. பாதிப் பேரை மட்டும் காலை எட்டு டு சாயங்காலம் நாலுக்குள்ள சாப்பிடச் சொன்னாங்க. ஒரு பக்கம் 8 கிலோ, இன்னொரு பக்கம் 6.3 கிலோ குறைஞ்சது. கூட்டத்தோட அளவுக்கு அந்த இடைவெளி தற்செயலாவும் வரலாம்னு முடிவு. ஆக எடை குறைஞ்சதுக்குப் பெரும் பங்கு கலோரிக்குத்தான்.

எல்லாத்தையும் சேர்த்து நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். எடை குறையணும்னா, ஃபாஸ்டிங் ஒரு எளிமையான ரூல். கலோரி எண்ணத் தெரியாதவனும் கடிகாரம் பார்ப்பான், அவ்வளவுதான். மூணு இட்லி, சட்னி, காபியை விட்டா ஏறக்குறைய 300 கலோரி மிச்சம், அதை ராத்திரி திருப்பிச் சாப்பிடாத வரைக்கும். ஆனா எனர்ஜி வேணும்னா, பட்டினி எத்தனை மணி நேரம்ங்கிறதை விட, கடைசிச் சாப்பாடு எத்தனை மணிக்குங்கிறதுதான் கேள்வி. கணையத்துக்கும் ஒரு கடிகாரம் இருக்கு. காலையில சாப்பிடற அதே மூணு தோசையை ராத்திரி சாப்பிட்டா பெரும்பாலானவங்களுக்கு சுகர் கூடுதலா ஏறும், இறங்க நேரம் எடுக்கும். இருட்டினதும் தூக்கத்துக்காகச் சுரக்கிற மெலடோனின், இன்சுலின் சுரக்கறதைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். வயிறு நிறைய சாப்பிட்டுப் படுத்தா அமிலம் மேல ஏறும், தூக்கம் கெடும். காலையில எழுந்ததும் வர்ற சோர்வை நாம டிபன் தலையில கட்டறோம்.

அம்மாகிட்ட இதைச் சொன்னப்ப சிரிச்சாங்க. "நாங்க இருந்தா ஒரு பொழுது, நீங்க இருந்தா ஃபாஸ்டிங்கா?" எங்க வீட்டுல கந்த சஷ்டிக்கு அம்மா ஆறு நாளும் ஒரு பொழுதுதான். எனர்ஜிக்காக இல்ல, முருகனுக்காக. ஆறாவது நாள் அவங்க முகத்துல பெரிய எனர்ஜி எதையும் நான் பார்த்ததில்ல, நேர்மையா சொன்னா. ஜெயின் நண்பன் ஒருத்தன் வீட்டுல பொழுது சாஞ்சதும் சமையலறை மூடிடும். ஆராய்ச்சியோட பார்த்தா அவன் வீட்டு நேரம்தான் இருக்கறதிலேயே சரியானது. காலேஜ்ல ஆறு மணிக்குச் சாப்பிடறான்னு அவனைக் கிண்டல் பண்ணியிருக்கோம்.

மாத்திரை போடறவங்க இதைத் தாண்டிப் போகாதீங்க

அப்பாவுக்கு வருவோம். இன்வெர்ட்டர் கணக்கு ஞாபகம் இருக்கா? ஆரோக்கியமான உடம்புல சாப்பாடு வரலன்னா, கணையம் இன்சுலினைக் குறைச்சுக்கும். அதனாலதான் நான் டிபனை விட்டா எனக்கு ஒண்ணும் ஆகல. அப்பா போடற மாத்திரையில ரெண்டு மருந்து சேர்ந்திருக்கு, கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும். நம்ம ஊர்ல ரொம்ப சகஜமான ஜோடி. மெட்ஃபார்மின் முக்கியமா கல்லீரல் குளுக்கோஸ் விடறதைக் குறைக்கும். தனியா இருந்தா லோ சுகர் ஆக்கறது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்ல. அது கணையத்தைத் தட்டி, "இன்சுலினை விடு"ன்னு சொல்லும். சாப்பாடு வந்துச்சா வரலையான்னு பார்க்காது. கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடும் இதே குடும்பம். இன்சுலின் ஊசியைப் பத்திச் சொல்லவே வேண்டாம். சாப்பாடு வரும்னு நம்பிப் போட்ட மாத்திரை, சாப்பாடு வரல, வெயில்ல நடை வேற. 48க்கு இறங்கினதுல ஆச்சரியம் ஒண்ணுமில்ல.

சர்க்கரைத் தண்ணி கொடுத்த பிறகும் ஏன் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில வெச்சாங்கன்னு கேட்டேன். அந்த மாத்திரையோட வேலை பல மணி நேரம் ஓடும். சர்க்கரை கரைஞ்சதும் மறுபடி இறங்கலாம். "சரியாயிடுச்சு"ன்னு வீட்டுல படுக்க வெச்சுட்டா, தூக்கத்துல இறங்கறது யாருக்கும் தெரியாது. அம்மா அன்னிக்கு ஆட்டோ பிடிச்சது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது.

இந்தியாவுல சுகர் இருக்கறவங்க 10 கோடிக்கு மேலன்னு ஐசிஎம்ஆர் ஆதரவோட நடந்த பெரிய கணக்கெடுப்பு 2023ல சொல்லுச்சு. அதாவது இதைக் கேட்கற உங்க வீட்டுல ஒருத்தருக்காவது இருக்க வாய்ப்பு அதிகம். அதனால இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர் எரிச்சல், பேச்சு குழறல் வந்தா சுகர் பாருங்க. 70க்குக் கீழ இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரை, அதாவது சுமார் 15 கிராம், தண்ணியில கலக்கிக் கொடுங்க. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலன்னா இன்னொரு தடவை. ஏறினதும் சாப்பாடு கொடுத்துட்டு டாக்டருக்குச் சொல்லுங்க. மெஷின் இல்லன்னா காத்திருக்காதீங்க, சர்க்கரையைக் கொடுத்துடுங்க. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறறதைத் தாமதப்படுத்தும். நினைவு இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். 108க்கு அடிங்க.

அப்போ சுகர் இருந்தா விரதமே கூடாதான்னா, அப்படி இல்ல. என் டீம்ல ஒருத்தன் இருக்கான், அவங்க அம்மாவுக்கும் சுகர். ஒவ்வொரு வருஷமும் ரமலானுக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட போவாங்க. எந்த மாத்திரை சஹருக்கு, எது இஃப்தாருக்கு, எதோட அளவைக் குறைக்கணும், சுகர் எவ்வளவு இறங்கினா நோன்பை முறிச்சுடணும், எல்லாம் எழுதி வாங்கிட்டு வருவாங்க. சில வருஷம் டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார், கேட்டிருக்காங்க. எங்க அப்பா ஒரு பாட்காஸ்ட்டைக் கேட்டார். வித்தியாசம் அதுதான்.

எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகள், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி, அதுக்கு வேற ஒரு சிக்கல். பட்டினியோட சேர்ந்தா உடம்புல நீர் வத்தலாம், அபூர்வமா கீட்டோன் அளவு மீறி ஆபத்தாகலாம். பிபி மாத்திரை போடறவங்களுக்குத் தலைசுத்தல் வரலாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற அம்மாக்கள், பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கறவங்க, ஏற்கெனவே ஒல்லியா இருக்கறவங்க இதுக்குள்ள வரவே வேண்டாம். சாப்பாட்டைப் பார்த்தாலே பயமோ குற்ற உணர்ச்சியோ வந்த அனுபவம் இருந்தா, மணி எண்ற பழக்கம் அதைத் திரும்பக் கிளப்பிடும். ஃபாஸ்டிங் ஆரம்பிச்ச பிறகு பீரியட்ஸ் தள்ளிப் போகுதுன்னா, உடம்புக்குச் சாப்பாடு பத்தலன்னு அர்த்தமா இருக்கலாம். நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

"எப்பவும் டயர்டா இருக்கு, ஃபாஸ்டிங் பண்ணவா?"ங்கிற கேள்வி எனக்கு நிறைய வருது. மொதல்ல ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க. ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, சுகர். தேசிய குடும்ப நல ஆய்வு ஐந்தாவது சுற்றுல, 15 முதல் 49 வயசு வரைக்குமான இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரெண்டுல ஒருத்தருக்கு மேல. இரும்புச்சத்து இல்லாத உடம்பைக் கூடுதலா பட்டினி போட்டா என்ன எனர்ஜி வரப்போகுது?

இப்போ நான் என்ன பண்றேன்?

பதினாறை விட்டுட்டேன். சாயங்காலம் ஏழு, ஏழரைக்குள்ள சாப்பாடு, மறுநாள் காலையில எட்டரைக்கு டிபன். பதின்மூணு மணி நேரம். ஆப்ல இதுக்கு பேட்ஜ் கூட கிடையாது. டிபன்ல ரெண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ இருக்கும். வாரத்துல மூணு நாள் டம்பெல் தூக்கறேன், தசைக்காக. எடை 79ல நிக்குது. மத்தியானத் தூக்கம் இல்ல.

பி.ஜி.ல இருக்கறவங்க அடிக்க வருவீங்க, எட்டரைக்கு முன்னாடி அங்க மெஸ் திறக்காதுன்னு. தெரியும், நானும் வேளச்சேரியில நாலு வருஷம் இருந்தவன்தான். ஒரு வழி சொல்றேன். அஞ்சரை மணிக்கு ஆபீஸ்ல பஜ்ஜியும் டீயும் சாப்பிடறோம் இல்லையா, அந்த இடத்துல நிஜமான சாப்பாட்டை வைங்க. கேன்டீன் சப்பாத்தியோ, கையில கொண்டு போன தயிர் சாதம், சுண்டலோ. மெஸ்ல ராத்திரி போய் ரெண்டு இட்லி, ஒரு டம்ளர் மோர்னு நிறுத்திக்கலாம். பத்தரை மணி கால் இருக்கிற நாள்ல ஏதாவது கொறிப்பீங்க, நானும் கொறிப்பேன். வாரத்துல அஞ்சு நாள் ஒழுங்கா இருந்தா போதும்.

பழைய எபிசோடை அழிக்கல. அழிச்சா ஏற்கெனவே கேட்டவங்களுக்கு இது போய்ச் சேராது. அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் திருத்தம் சேர்த்திருக்கேன். அப்பா பழையபடி எட்டே காலுக்கு இட்லி சாப்பிடறார். டாக்டர் மாத்திரை அளவைக் குறைச்சிருக்கார். புதுசா ஒரு சுகர் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். ஞாயித்துக்கிழமை ஃபோன்ல நம்பரையெல்லாம் வாசிப்பார், வானிலை அறிக்கை மாதிரி. இந்த எபிசோடை வெளியிடறதுக்கு முன்னாடி அவருக்குத்தான் மொதல்ல போட்டுக் காட்டினேன். "48 இல்லடா, 49"ன்னார். அம்மா 48தான்னு சத்தியம் பண்றாங்க.

கேள்வி இருந்தா வழக்கமான மெயிலுக்கு அனுப்புங்க. மாத்திரை அட்டையை ஃபோட்டோ எடுத்து மட்டும் எனக்கு அனுப்பாதீங்க, அதை உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. அடுத்த வாரம் தூக்கத்தைப் பத்திப் பேசலாம்.